அக்காவின் வாய்க்கு வராத உப்பு

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் உப்புக்கு முதல் உரிமை அட்டைக்கு. மனுஷரெல்லாம் அதற்கு அப்புறம். மழைக்காலத்தில் கொழுந்து எடுக்கப் போகும் ஒவ்வொரு பெண்ணின் இடுப்பிலும், சேலைத் தலைப்பில் முடிந்த கல் உப்பு இருக்கும். தேயிலைக்குள் இறங்கினதுமே கெண்டைக்காலில் அட்டை ஏறிவிடும். முடிச்சை அவிழ்த்து ஒரு கல்லை அதன் மேல் வைத்துத் தேய்த்தால் சுருண்டு விழும். அந்த முடிச்சு இல்லாமல் மலைக்குப் போனவளை நான் கண்டதில்லை.

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கும் அப்பால், மேகம் இறங்கி வந்து கூரையில் உட்காரும் உயரத்தில் இருந்தது எங்கள் தோட்டம். பெயர் வேண்டாம். மற்றத் தோட்டங்களைவிட அது மோசமாக ஒன்றும் இருக்கவில்லை. அதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது பதுளை ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பீச்சட்டி கழுவத்தான் முதலில் எடுத்தார்கள். பிறகு எழுத்துப் படித்து, காய்ச்சல் பார்க்கவும் மருந்து கொடுக்கவும் பழகி, இன்று என்னையும் நர்ஸ் என்கிறார்கள். இங்கே வேலை பழக வரும் பெண்கள் சோடியம், சோடியம் என்று ஒப்பித்துக்கொண்டு நடக்கிறார்கள். கேட்டால், உப்பில் இருக்கிற ஒரு சத்து, பரீட்சையில் வரும் என்கிறார்கள். வரட்டும். என் வீட்டுக்கு அது வேறு விதமாக வந்தது, அதைத்தான் எழுதப் போகிறேன்.

அக்கா எனக்கு மூத்தவள். அம்மா நான் தவழும் வயதிலேயே போய்விட்டாள். எனக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, அடித்து வளர்த்தவள் அக்காதான். அவளைக் கட்டிக்கொடுத்தபோது நானும் கூடவே போனேன். மச்சான், அவருடைய அம்மா, அக்கா, நான் என்று ஒரே லயக் காம்பராவில், ஒற்றை அறையில், நாலு பேர். மச்சானின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

அக்காவுக்கு உப்பென்றால் உயிர். மாங்காயோ கொய்யாக்காயோ எது கிடைத்தாலும் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத்தான் தின்பாள். கொழுந்து எடுக்கும்போது அட்டைக்கு வைத்த முடிச்சிலிருந்தே ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். "உன் முடிச்சில அட்டைக்கு மிச்சம் இருக்காடி?" என்று பக்கத்து நிரைப் பெண்கள் கேலி செய்வார்கள். "அட்டை என் ரத்தத்தை உறிஞ்சுது, நான் அது உப்பைத் திங்கிறேன், சரியாப் போச்சு" என்பாள். வெயிலிலும் மலையேற்றத்திலும் வியர்த்துக் கொட்டுகிற உடம்பு இழந்ததைத் திருப்பிக் கேட்கிறது என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாய்க்கு ருசி என்றுதான் நினைத்தோம்.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொடுமைக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்படி இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும், ஆத்திரத்தை அவள் தலையில் கொட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அக்கா பிள்ளை பெறுவதற்கு முந்தின வருஷம், கட்டிக்கொடுத்த அத்தையின் மகள் எங்கள் காம்பராவுக்கு வந்து பிள்ளை பெற்றாள். பெற்ற பிறகு அவளுக்குக் காலும் முகமும் வீங்கிப்போயின. காலை விரலால் அழுத்தினால் குழி விழும். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கும். கண் திறக்க முடியாமல் இமை உப்பி, படுத்தால் மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

தோட்டத்து மருந்துக்காரரை டாக்டர் ஐயா என்றுதான் நாங்கள் அழைப்போம். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டும் குடையுமாக வருவார். லயத்து வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டார்; மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு வெளியிலிருந்தே பார்ப்பார். அன்றும் அங்கிருந்தே பார்த்துவிட்டுச் சொன்னார். "உப்பு வாயில வைக்கப்படாது. ஒரு கல் உப்பும் கூடாது. விளங்குதே?"

அத்தைக்கு நன்றாக விளங்கியது. உப்புப் பானையை எடுத்துப் பரணில் வைத்தாள். மகளுக்குத் தானே தனியாகச் சமைத்தாள். அவள் கெஞ்சியும் அழுதும் திட்டியும் ஒரு கல் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் மகளுக்குத் தண்ணீராய்ச் சிறுநீர் போயிற்று. வீக்கம் வடிந்தது. மகள் பிழைத்தாள். டாக்டர் ஐயா சொன்னது அந்த உடம்புக்கு முழுக்கச் சரி. உடம்பில் உப்பு தேங்கினால் அது தண்ணீரைப் போக விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பைக் குறைத்தால்தான் தண்ணீர் இறங்கும். இதை இன்று நானே வார்டில் சொல்கிறேன்.

ஆனால் அத்தை கற்றுக்கொண்டது வேறு. பிள்ளை பெற்றவளுக்கு உப்பு எமன் என்று கற்றுக்கொண்டாள். பச்சை உடம்புக்காரிக்கு ஒரு சில நாள் உப்பைக் குறைத்துப் பத்தியம் போடுவது எங்கள் ஆட்களிடம் முன்பே இருந்ததுதான். அத்தை அதைச் சட்டமாக்கினாள். மகளை எமன் வாயிலிருந்து மீட்டவள் என்ற பெயர் லயம் முழுக்கப் பரவியிருந்ததால் அவள் பேச்சை யாரும் மீறவில்லை. பிறகு எங்கள் லயத்தில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாருக்கும் உப்பில்லாச் சோறுதான். எங்களை வேலை வாங்கும் கங்காணிகூட ஒருநாள் அத்தையைக் காட்டி, "எழுதப் படிக்கத் தெரியாட்டியும் இந்தம்மா பாதி டாக்டரு" என்றார். அத்தைக்கு அன்றைக்கு முகம் எப்படி மலர்ந்தது என்பது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அக்காவுக்கு மழைக்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாகவே பிறந்தது. காலில் வீக்கமில்லை, முகத்தில் வீக்கமில்லை. அத்தை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். பூண்டு, மிளகு, சுக்கு எல்லாம் அரைத்து உருட்டிக் கொடுத்தாள். பரணில் ஏறிய உப்புப் பானை இறங்கவில்லை. அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "என்னடி இது, மண்ணைத் திங்கிற மாதிரி இருக்கு" என்றாள். அப்போது சிரித்தோம்.

அந்த மழையில் ஓடைத் தண்ணீர் கலங்கி, லயத்தில் வயிற்றுப்போக்கு புகுந்தது. அக்காவுக்கும் வந்தது. தண்ணீராய்ப் போயிற்று, எழுந்து போக முடியாமல் படுத்த இடத்திலேயே போயிற்று. அத்தை முகம் சுளிக்காமல் துணியை அலசினாள். பெற்ற மகளுக்குச் செய்ததில் ஒரு துளி குறைக்கவில்லை. மச்சான் ஓடிப்போய் டாக்டர் ஐயாவை அழைத்து வந்தார்.

டாக்டர் ஐயா வாசலில் நின்றார். கைக்குட்டை மூக்கில் இருந்தது.

"தண்ணியாப் போற ஆளுக்கு உடம்பு காயப்படாது. கொதிச்சு ஆறின தண்ணியை விடாமல் குடுங்கோ. எவ்வளவு கேட்டாலும் குடுங்கோ" என்று சொல்லி, வெள்ளையாக ஒரு புட்டி மருந்தும் கொடுத்தார்.

"சரிங்க ஐயா. சாப்பாடெல்லாம் நீங்க அன்னைக்குச் சொன்ன மாதிரியேதாங்க குடுக்கிறேன்" என்றாள் அத்தை.

"நல்லது, நல்லது" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு என்றால் என்றைக்கு, என்ன சொன்னேன், இவள் என்ன கொடுக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. உள்ளே வந்து சோற்றுச் சட்டியை ஒரு தடவை பார்க்கவில்லை. போன வருஷம் வீங்கிக் கிடந்தவளுக்குச் சொன்னதை இந்த வருஷம் வற்றிக் கிடப்பவளுக்கும் செய்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வாசல்படியைத் தாண்டினால்தானே தெரியும்! படித்தவர், கெட்டிக்காரர், இரண்டு தடவையும் தப்பாக ஒன்றும் சொல்லாதவர். அவரை நினைத்தால் இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

அத்தை இரண்டு கட்டளையையும் ஒன்றாகச் சேர்த்து நிறைவேற்றினாள். பானை பானையாகத் தண்ணீர் காய்ச்சினாள். உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத தண்ணீர், மறுபடி தண்ணீர். அக்கா குடித்தாள். போக்கு குறையத் தொடங்கியது. எல்லாரும் மூச்சு விட்டோம். ஆனால் அக்கா தெளியவில்லை. தலை வெடிக்கிறது என்றாள். கெண்டைக்கால் கட்டை போல் இறுகி இழுத்துக்கொண்டது. நான் எண்ணெய் போட்டு உருவினேன், விடவில்லை. குடித்த தண்ணீரைக் கக்கினாள். கக்கினதற்கும் சேர்த்து அத்தை மேலும் தண்ணீர் கொடுத்தாள்.

நான் கங்காணியிடம் போய், அக்காவைப் பார்த்துக்கொள்ள லீவு கேட்டேன். காலைப் பெரட்டில், பேர் கூப்பிட எல்லாரும் வரிசையாக நிற்கும்போது கேட்டேன்.

"அதான் உங்க அத்தை இருக்குல்ல? அதவிட நீ என்ன வைத்தியம் பாத்துப்புடப் போற? கூடையை எடுத்துக்கிட்டு நட" என்றார். நடந்தேன்.

அன்று சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி, அட்டைக் கடியோடு அப்படியே அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கை ஊர்ந்து வந்து என் இடுப்பைத் தடவியது. குழந்தையைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். உப்பு முடிச்சைத் தேடியிருக்கிறாள்.

"ஒரு கல்லு குடுடி. நாக்கு கேக்குது. சோறு வேணாம், தண்ணி வேணாம், ஒரு கல்லு குடு."

முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன். வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதற்குள் அத்தை பார்த்துவிட்டாள். பாய்ந்து வந்து அக்காவின் தாடையைப் பிடித்து, விரலை உள்ளே விட்டு, உப்பைத் தோண்டி எடுத்து வெளியே எறிந்தாள். வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

"உங்கக்காவ நீயே கொல்லப் போறியாடி? என் மக எப்படி ஊதிக் கெடந்தா, மறந்துட்டியா?"

"அக்காவுக்கு ஊதலையே அத்தை. சுருங்கில்ல போயிருக்கு. ஒரு கல்லுதானே கேக்குது."

"அவளும் அப்படித்தான் கேட்டா. அழுது அழுது கேட்டா. நான் குடுக்கல, அதான் இன்னைக்கு உசுரோட இருக்கா."

அவள் சொன்னது பொய் இல்லையே, நானும் பார்த்ததுதானே. அத்தை என் முடிச்சைப் பிடுங்கி, மழைத்தண்ணீர் ஓடுகிற வாசல் கானில் கொட்டினாள். இதையெல்லாம் எழுதுவது மார்பில் அடித்துக்கொண்டு என்னை நானே குற்றம் சொல்வதற்காக இல்லை. குற்றம் என் பேரில் இல்லை. அத்தை பேரிலும் இல்லை என்றுதான் அறிவு சொல்கிறது. மனசு ஒத்துக்கொள்ள மறுக்கிறது.

மறுநாள் விடியும்போதே அக்காவின் பேச்சு குழம்பியது. என்னை அம்மா என்று கூப்பிட்டாள். பக்கத்தில் கிடந்த குழந்தையைக் காட்டி, இது யார் வீட்டுப் பிள்ளை, ஏன் இங்கே போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் மலைக்குப் போன பிறகு, பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. மலைக்கு ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் வந்து சேரும்போது வாசலில் கூட்டம். பிள்ளைப்பேற்றில் செத்துப்போன யாரோ ஒருத்தி இவள் மேல் வந்து இறங்கிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். மேல் லயத்துக் கோடாங்கியை அழைத்து வந்திருந்தார்கள். பேய் ஓட்டுவது அவர் வேலை. உடுக்கை அடித்து, வேப்பிலையால் அக்காவின் முகத்தில் அடித்து, அதட்டினார்.

"யாரு நீ? சொல்லு! என்ன வேணும் உனக்கு? கோழி வேணுமா? சாராயம் வேணுமா?"

அக்கா உதட்டை அசைத்தாள்.

"உப்பு" என்றாள்.

கோடாங்கி உடுக்கையை நிறுத்திவிட்டார். அவர் ஓட்டிய பேய் எதுவும் அதுவரை உப்பைக் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "உப்பக் கண்டா ஓடுறதுதான் பேயி. இது உப்பு வேணும்ங்குது. நம்மள ஏமாத்தப் பாக்குது. குடுக்காதீங்க" என்றார். உப்பையும் மிளகாயையும் கொண்டு வரச் சொன்னார். அத்தை பரணிலிருந்து அந்தப் பானையை இறக்கினாள். கோடாங்கி கைநிறைய அள்ளி, அக்காவின் தலையை மூன்று தடவை சுற்றி, அடுப்பில் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது. சிந்தினதில் சில கல் பாயின் ஓரத்தில் விழுந்தன. அக்காவின் விரல்கள் அந்தப் பக்கம் நகர்ந்தன. மச்சான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "விட்டுரு தாயி, எம்பொண்டாட்டிய விட்டுரு" என்று பேயிடம் அழுதார்.

இன்னொரு தடவை இழுத்தது. அதிலிருந்து அக்கா திரும்பவில்லை. இருட்டுவதற்கு முன்பே போய்விட்டாள்.

அவளுக்கு என்ன நடந்தது என்பது ஆஸ்பத்திரிக்கு வந்து சில வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஹல்துமுல்லைப் பக்கமிருந்து ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். வயிற்றுப்போக்கில் கண் குழி விழுந்து, நாடி கிடைக்காமல் கிடந்தாள். பெரிய டாக்டர் கம்பில் ஒரு போத்தலைக் கட்டி, ரப்பர் குழாய் வழியாக அவள் கை நரம்பில் ஏதோ இறக்கினார். விடிவதற்குள் அவள் புரண்டு படுத்துப் பிள்ளையைக் கேட்டாள். அந்தப் போத்தலில் என்ன மருந்து என்று டாக்டரைக் கேட்டேன்.

"மருந்தா? காய்ச்சின தண்ணியும் உப்பும்தான்" என்றார்.

நான் விடாமல் கேட்டேன். அவர் பொறுமைசாலி, சொன்னார். வயிற்றால் போகும்போது தண்ணீர் மட்டும் போவதில்லையாம், உப்பும் கூடவே போகிறதாம். போன இடத்தில் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினால், மிச்சமிருக்கிற உப்பும் நீர்த்துப்போகிறதாம். அப்போது ரத்தத்தில் நிற்க முடியாமல் தண்ணீர் உடம்பின் சதைக்குள்ளும் மூளைக்குள்ளும் ஏறிவிடுகிறதாம். தலைவலி, வாந்தி, கால் இழுப்பு, பிதற்றல், வலிப்பு. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தான் பார்த்தேயிராத என் அக்காவை அவர் பக்கத்திலிருந்து பார்த்தது போல் இருந்தது. உப்பு மிஞ்சினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. எவருக்கு எது என்று ஆளைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். துணி துவைக்கிற கொட்டகைக்குப் போய் வாய்விட்டுத் திட்டினேன். டாக்டர் ஐயாவை, கங்காணியை, கோடாங்கியை, அத்தையை, செத்துப்போன அக்காவையும்கூடத் திட்டினேன்.

குழந்தை பிழைத்தது. அத்தையின் மகள்தான் பால் கொடுத்தாள், உப்பை நிறுத்திப் பிழைத்த அதே மகள். நான் இதுவரை எழுதாமல் விட்டது அடக்கம் நடந்த நாள் ஒன்றுதான்.

எங்கள் ஆட்கள் பிரேதத்தைப் புதைக்கும்போது குழியில் உப்புக் கொட்டுவார்கள். அதுவும் பிள்ளை பெற்ற தீட்டோடு போனவளுக்கு நிறையக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவள் எழுந்து வந்து விடுவாளாம். மச்சான் கேட்காமலே கங்காணி தன் வீட்டிலிருந்து ஒரு சாக்கு உப்பை ஆள் தலையில் அனுப்பிவைத்தார். எனக்கு அரை நாள் லீவு கொடுக்காத மனுஷன். லயத்துக்காரர்கள் வீட்டுக்கு வீடு பிடி பிடியாகக் கொண்டு வந்து அந்தச் சாக்கிலேயே போட்டார்கள். பெண்கள் பலர் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கொட்டினார்கள். கடைசியாக அத்தை பரண் பானையைத் தூக்கி வந்து தலைகீழாகக் கவிழ்த்தாள். அவ்வளவு உப்பை ஒரே இடத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெண்கள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை, வாசலிலேயே வாய்க்கரிசி போட்டுவிட வேண்டும். என் முறை வந்தது. அரிசித் தட்டை நீட்டினார்கள். நான் அதைத் தொடவில்லை. பக்கத்துச் சாக்கில் கைவிட்டு ஒரு கல் உப்பை எடுத்தேன். அக்காவின் உதட்டை விலக்கி, நாக்கின் மேல் வைத்தேன். அத்தை எனக்கு எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் என் கையைப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கல் கரையவில்லை.